பாலைவனத்தில் ஏற்றிய கூண்டு

பாலைவனத்தில் புயல் கூண்டு ஏற்றியவள் நான். துறைமுகமே இல்லாத ஊரில், கடலின் வாடையே தெரியாத ஊரில், மூன்றாம் எண் கூண்டு ஏற்றினேன். கொடிமரத்தில் அல்ல, வாயால். என்னைப் பெற்ற தாய்க்குச் சமமான அக்காவை என்னோடு அந்த ஊருக்கு வரவிடாமல் தடுப்பதற்காக ஏற்றினேன்.

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? சிரியுங்கள்... சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. சிரித்து முடித்த பிறகு என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்பதும் தெரியும். அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரம்பூரில் குடியிருக்கிறேன். பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பிறந்தது திருவொற்றியூர்க் கரையோரம் ஒரு குப்பத்தில். அக்கா தேசம்மா இன்றும் அங்கேதான் இருக்கிறாள். காசிமேட்டில் மீன் விற்கிறாள். அம்மா போன பின் என்னை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அவள்தான். உங்கள் இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. நான் யாருக்குச் செய்தேன் என்பது தெரிய வேண்டும் அல்லவா?

அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பாடத்துக்காக நான் சேர்த்து வைத்திருந்த படங்களை ஒருநாள் கைபேசியில் பார்த்தாள். ஜெய்சல்மேர் கோட்டை, தோலாவிராவின் கல்படிகள்... ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் மழையைப் பிடித்து வைத்து வாழ்ந்த நகரம் அது என்று விளக்கினேன். அவள் காதில் அது ஒன்றும் ஏறவில்லை.

"அங்க தரை காஞ்சா கீது பாப்பா?" என்றுதான் கேட்டாள்.

"பாலைவனம்க்கா. காஞ்சுதான் இருக்கும்."

"அப்போ ஒரு தபா போயி நிக்கணும்."

ஐஸ் தண்ணீரிலும் மீன் கழுவிய தண்ணீரிலும் நின்றே அவள் கால்விரல் இடுக்குகள் வெடித்துப் போயிருந்தன. சேற்றுப்புண் ஆறுவதற்குள் அடுத்த நாள் மீன் வந்துவிடும். கோட்டையும் கொத்தளமும் அவளுக்கு எதற்கு? கால் காய்ந்து நிற்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

பயணத்துக்குப் புரட்டாசியைக் குறித்தவளும் அவள்தான். புரட்டாசியில் ஊரே கவுச்சியை விட்டுவிடும், மீன் போகாது, கடையை மூடினாலும் நஷ்டமில்லை. எனக்கும் காலாண்டு விடுமுறை. வெயில் தணிந்திருக்கும். என் பள்ளியின் ரேவதி டீச்சரும் ஸ்டெல்லா டீச்சரும் சேர்ந்துகொண்டார்கள். "அக்காவையும் கூட்டிட்டு வாங்க, நாலு பேரா போகலாம்" என்று முதலில் சொன்னதே ரேவதிதான். அக்காவுக்குக் கீழ் படுக்கை கிடைக்க வேண்டுமென்று மெனக்கெட்டு டிக்கெட் எடுத்தவரும் அவர்தான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை என் வீட்டில் கூடிப் பேசினோம். அக்கா கை நிறைய இறால் கொண்டுவந்தாள். வந்தவள் நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்தாள்.

"அந்த ஊர்ல ஒட்டகம் ரோட்லயே குந்திகினு கீதாமே டீச்சர்? ஆரன் அடிச்சா எய்ந்துக்குமா?"

டீச்சர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஸ்டெல்லா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

அந்த ஜன்னல்! எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. மீன் வாடைக்காகத்தான் திறந்தார் என்று முடிவு கட்டினேன். 'கீது'க்கும் 'குந்திகினு'க்கும்தான் சிரித்தார்கள் என்று முடிவு கட்டினேன். நான் எத்தனை பாடுபட்டு அந்தப் பேச்சை நாக்கிலிருந்து சுரண்டி எடுத்தவள்! வகுப்பில் ஒரு முறை வாய் தவறி 'இன்னா' என்று சொல்லிவிட்டு அன்று முழுவதும் செத்தவள்! இவளோ ரயில் முழுக்க, கோட்டை முழுக்க, கேட்போர் காது முழுக்கப் பேசிக்கொண்டே வருவாளே... அதை நினைத்துத்தான் எனக்கு உறக்கம் கெட்டது.

ரேவதியிடம் டிக்கெட்டை வாங்கி, அக்காவின் இடத்தை நானே ரத்து செய்தேன். டீச்சர்களிடம், "அக்காவுக்கு உடம்பு சரியில்லை" என்றேன். அவர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம்கூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

இனி அக்காவிடம் சொல்ல வேண்டும். டிக்கெட் உறுதியாகவில்லை என்று சொல்வதாகத்தான் கிளம்பினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு."

எலுமிச்சை மணத்தது. ஒரு வாரமாக மார்க்கெட்டுக்குப் போகாமல், எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"வாடை போச்சா? உன் தோஸ்துங்க முன்னால உனுக்கு அசிங்கமா பூடக் கூடாது பாரு."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது! நான் சொல்லாமலே, நான் கூசுவேன் என்று தெரிந்திருக்கிறது. மூலையில் பை கட்டி வைத்திருந்தாள். அதன் மேல் புத்தம் புதிய வெள்ளை கேன்வாஸ் ஷூ. ஈரத்திலேயே நிற்பவள், வாழ்நாளில் ஷூ போட்டவளில்லை. காய்ந்த தரையில் நடக்க வாங்கி வைத்திருந்தாள்.

அப்போதாவது நான் மனிதப் பிறவியாக இருந்திருக்கலாம். இன்னொரு டிக்கெட் எடுத்திருக்கலாம். கிடைக்காவிட்டால் நானும் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லி ரத்து செய்ததை யாரிடமும் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. எண்ணூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு. அதைப் பார்த்தபடியே என் வாய் பேசியது.

"அங்கயும் மணல் புயலாம்க்கா. மூணாம் நம்பர் கூண்டு ஏத்திக்கீறாங்களாம். ரயில அல்லாம் நிறுத்திட்டாங்களாம்."

கவனித்தீர்களா? பல வருடங்களாக நான் விட்டொழித்த பேச்சு அது. அந்தப் பொய்யை மட்டும் குப்பத்துப் பேச்சில் சொன்னேன். அதில் சொன்னால் நம்புவாள் என்று எனக்குள் இருந்த ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருக்கிறது.

வேறு எவளாவது என்றால், "பாலைவனத்தில் ஏதடி கூண்டு?" என்று கேட்டிருப்பாள். எங்கள் குப்பத்தில் கூண்டு என்றால் மறுபேச்சில்லை. அதை மதிக்காமல் கடலுக்குப் போன எங்கள் பெரியப்பா திரும்பவே இல்லை. கூண்டு ஏறிவிட்டால் எங்கே, எதற்கு, யார் ஏற்றியது என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை.

"கூண்டு ஏத்திட்டா அப்பால இன்னா பேச்சு கீது?" என்று அக்கா உடனே பையைப் பிரிக்க ஆரம்பித்தாள். "உசுரு முக்கியம். அந்த டீச்சருங்க கைலயும் சொல்லிடு பாப்பா, தெரியாம கெளம்பிடப் போறாங்க."

பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எத்தினி நாளாச்சு, நீ நம்ம மாதிரி பேசி." அவள் முகத்தில் சந்தோஷம். பயணம் கைவிட்டுப் போனதைவிட நான் அப்படிப் பேசியதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

திருச்சியில் பயிற்சி வகுப்பு என்று அவளிடம் இன்னொரு பொய் சொல்லிவிட்டு நான் ரயிலேறினேன். அக்காவுக்கென்று எடுத்த கீழ் படுக்கையில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் குறட்டை விட்டார். ஸ்டெல்லா டீச்சர் போகும் இடமெல்லாம் ஜன்னலைத் திறந்துகொண்டே வந்தார். "எனக்கு மாதவிடாய் நிக்கிற நேரம், உடம்பெல்லாம் தீயா எரியுது. உங்க வீட்லயும் முதல்ல ஜன்னலைத்தான் திறந்தேன், ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தார். ரேவதி ஒட்டகத்தைப் பார்க்கும்போதெல்லாம், "ஆரன் அடிச்சா எழுந்துக்குமான்னு அக்கா கேட்டாங்களே... அவங்க இல்லாம சப்புன்னு இருக்கு" என்றார்.

கேளுங்கள், யாருமே முகம் சுளித்திருக்கவில்லை. வாடையும் வெட்கமும் என்னிடம்தான் இருந்திருக்கின்றன.

தோலாவிராவில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்படியில் நின்றேன். தரை காய்ந்துதான் இருந்தது. அங்கே அதற்குமேல் எதையும் நான் பார்க்கவில்லை. என்ன பார்த்தீர்கள் என்று என் மாணவிகள் கேட்டபோது புத்தகத்தில் இருந்ததையே திருப்பிச் சொன்னேன்.

ரேவதி அக்காவுக்கென்று கண்ணாடிச் சில்லு பதித்த ஒரு துணிப்பை வாங்கி என்னிடம் கொடுத்தார். அதை எப்படிக் கொடுப்பேன்? பீரோவின் அடித்தட்டில் பழைய புடவைகளுக்குக் கீழே திணித்துவிட்டு, கொடுத்துவிட்டேன் என்றேன்.

ஐப்பசி பிறந்து மீன் வியாபாரம் மறுபடி சூடு பிடித்த ஒரு திங்கட்கிழமை, ஆசிரியர் அறையில் ரேவதி சொன்னார்:

"நேத்து காசிமேட்ல உங்க அக்காவைப் பார்த்தேன். உடம்பு எப்படி இருக்குக்கா, எங்களோட வர முடியாமப் போச்சேன்னு கேட்டேன். இப்போ தேவலை டீச்சர்னாங்க. நான் வாங்கிக் கொடுத்த பை எப்படின்னேன், ரொம்பப் புடிச்சிருந்துச்சாம். எனக்குச் சந்தோஷமா இருந்தது."



அந்த ஒரு நொடியில் அக்காவுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். புயலில்லை, கூண்டில்லை, திருச்சியில்லை. விளங்கிய அதே நொடியில், தான் கண்ணால்கூடப் பார்க்காத பையைப் பிடித்திருந்தது என்று சொல்லி, என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். பள்ளிக்கூடம் போகாதவள், நொடியில் செய்தாள். நானோ திட்டம் போட்டுப் பொய் சொன்னவள்.

அன்று மாலையே ஓடினேன். அவள் வழக்கமான இடத்தில், ஐஸ் தண்ணீரில் நின்றிருந்தாள். காலில் அந்த வெள்ளை ஷூ. மீன் ரத்தமும் செதிலுமாக ஊறி நிறம் மாறிப் போயிருந்தது.

என்னைத் திட்டுவாள், நாலு பேர் முன்னால் நாறடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா பாப்பா, அந்த ஊர்ல கூண்டு எறக்கிட்டாங்களா?"

குரலில் கேலியில்லை, கோபமுமில்லை. பக்கத்துக் கடைக்காரி காதில் விழுந்திருந்தால் சாதாரண விசாரிப்பு என்றுதான் நினைத்திருப்பாள்.

"இன்னும் இல்லக்கா" என்றேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை நான்! இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் போகும்போதெல்லாம் கேட்டாள். இறால் உரித்துக்கொண்டே கேட்பாள், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்பாள். எறக்கிட்டாங்களா? இன்னும் இல்லக்கா... இப்படியே காலம் ஓடியது.

இந்த ஆவணியில் என்னால் தாங்க முடியவில்லை. புரட்டாசிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

"அக்கா, கூண்டு எறக்கிட்டாங்க. டிக்கெட் எடுத்துட்டேன். நீயும் நானும் மட்டும்தான்."

வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தவில்லை.

"நீ போய்ட்டு வா பாப்பா. அது எனுக்குன்னு ஏத்துன கூண்டு. இர்க்கட்டும்."

மீனை வாங்கியவர் போன பிறகு மறுபடியும் பேசினாள்.

"அந்த டீச்சரு வாங்கியாந்த பை கீதில்ல, அத்த மட்டும் எட்த்தாந்து குடு. நல்லா கீதுன்னு அவங்க கைல சொல்ட்டேன். பொய்யா பூடக் கூடாது."

அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது" என்றாள். கடை ஆணியில் மாட்டி அதற்குள் வெற்றிலையையும் போனையும் போட்டாள்.

அவள் சொன்ன பொய்யை அவள் சரி செய்துகொண்டாள். என்னுடையது அப்படியே இருக்கிறது. அந்த டிக்கெட்டுகளும் என் கைப்பையிலேயே இருக்கின்றன.

கூண்டைப் பற்றி இப்போதெல்லாம் அவள் கேட்பதே இல்லை. ஒரு முறையாவது கேட்க மாட்டாளா என்று ஒவ்வொரு ஞாயிறும் போய் நிற்கிறேன். மீனைக் கட்டிக் கொடுத்து, பார்த்துப் போ என்று அனுப்பிவிடுகிறாள்.