ஐந்து பேருக்கான காற்று

திருமுல்லைவாயிலில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மங்களம் என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பியட்காரம்மா என்று கேட்டுப் பாருங்கள், வாட்ச்மேன் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை நேராக இரண்டாவது மாடிக்குக் கை காட்டுவார்கள். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஆளுயரத்துக்கு நிற்கிற புதுக் கார்களுக்கு நடுவே, சாம்பல் நிற பிரீமியர் பத்மினி ஒன்று உறை போர்த்திக்கொண்டு ஒடுங்கி நிற்கும். பத்மினி என்று அதற்குப் பெயர் இருந்தாலும் இந்த ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பியட் என்றால் பியட்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிஸ்டன் கம்பெனியில் மங்களம் ஸ்டோர்ஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். மேனேஜர் புது மாருதி வாங்கியபோது பழைய பியட்டை யாருக்குத் தள்ளிவிடலாம் என்று பார்த்தார். ஆண்பிள்ளைகள் எல்லாம் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தார்கள். மங்களத்துக்குக் கேட்க வீட்டில் ஆள் இல்லை, கல்யாணம் என்ற ஒன்று அவள் விஷயத்தில் பேச்சோடு நின்றுபோயிருந்தது. வாங்கிவிட்டாள். "காரை வாங்கிட்டாங்க, அடுத்து கம்பெனியத்தான் வாங்குவாங்க" என்று கேன்டீனில் கேலி பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் இரண்டு பேர் அடுத்த மாதமே காலையில் அவள் காரில் இடம் கேட்டார்கள் என்பது வேறு கதை.

அதன் பிறகு அந்தக் கார் காலியாக ஓடியதே இல்லை. வனஜா, சுரேகா, பாக்கிங் பிரிவுப் பெண்கள் இரண்டு பேர் என்று டிபன் பாக்ஸ் வாசனையோடு நெருக்கியடித்துக்கொண்டு போவார்கள். பிறகு அண்ணன் மகன் அரவிந்தன் பூந்தமல்லிப் பக்கம் இன்ஜினியரிங் படிக்க வந்து அவளோடு தங்கினான். நாலு வருஷம் அவனைக் காலேஜ் வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போனாள். அவனோடு அவன் கூட்டாளிகளும் ஏறிக்கொள்வார்கள். பின்பக்கம் தரையைத் தொடும்போல அழுந்திக்கொண்டு கார் போகும். அந்தக் காலத்தில் மங்களத்துக்குத் தனிமை என்றால் என்னவென்றே தெரியாது, ஒரு மணி நேரம் தனியாக இருக்க முடிந்தால் தேவலை என்றுகூட அலுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது ரிட்டயராகி, நாள் முழுக்கத் தனியாக இருக்கிறாள். வனஜா மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டாள். சுரேகா போய்ச் சேர்ந்துவிட்டாள். அரவிந்தன் பெங்களூரில் வேலை, மனைவி நிஷா, ஒரு பெண் குழந்தை என்று இருக்கிறான். மங்களம் ஞாயிற்றுக்கிழமை காலையில் காரின் உறையைக் கழற்றி, கிளப்பி, கோயில் வரை போய்த் திரும்பி, மறுபடி உறையைப் போர்த்துவாள். கும்பிடுவதற்காகப் போனாளா, பேட்டரி இறங்காமல் இருக்கப் போனாளா என்று அம்மனுக்கே வெளிச்சம்.

போன மாதம் அரவிந்தன் போனில் பேசும்போது சொன்னான். "பாப்பாவுக்கு திருத்தணியில முடி எறக்கணும் அத்தே. நாங்க மூணு பேர், நிஷாவோட அம்மா, நீ. எல்லாரும் உன் கார்லயே போயிடலாம், பழைய மாதிரி."

வேறு எதையோ பேசிக்கொண்டே அவன் போகிறபோக்கில் சொன்ன வார்த்தை அது. மங்களம் அதைப் பிடித்துக்கொண்டாள். பழைய மாதிரி என்று அவனே சொன்னானே, அவளா சொன்னாள்? மறுநாளே காரை எடுத்துக்கொண்டு சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் டயர் கடைக்குப் போனாள். குழந்தையை ஏற்றிக்கொண்டு மலை ஏறப் போகிற காருக்கு டயர் நன்றாக இருக்க வேண்டாமா?

கடைக்காரன் அழகேசன் நாற்பது வயசுக்காரன், வாய் ஓயாதவன். டயர்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவினான்.

"இன்னாம்மா இது, டயர் வாங்கி எத்தினி வருசமாச்சி? பாருங்க, புதுசுல டயர்ல ரப்பர் முடி இருக்கும்ல, அது அப்டியே கீது. தேயவே இல்ல. ஆனா சைடுல பூரா வெடிச்சிக்கீது. இது ஓடிக் கெட்டுப்போன டயரு இல்லம்மா. நின்னே கெட்டுப்போனது."

டயரைச் சொன்னான், மங்களத்துக்குத்தான் சுருக்கென்றது. யாரோ வீட்டுக்குள் வந்து, ஒரே ஒரு தட்டு மட்டும் கழுவிக் கவிழ்த்திருப்பதைப் பார்த்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்தது.

வீலையும் அழகேசன் விடவில்லை. ஒன்று விளிம்பு நெளிந்திருந்தது, இரண்டு துருவேறிக் கிடந்தன. "பேசாம அலாய் வீல் போட்டுடுங்கம்மா. ஒரு சைஸ் சின்னதா போட்டா இப்ப வர்ற டயரு எல்லாம் சேரும். வண்டி சும்மா கெத்தா நிக்கும்."

"இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா கெத்து? என் வீல் கப்பு அதுல மாட்டுமா?"

"மாட்டாது."

"அப்போ வேணாம்." பளபளவென்று முகம் தெரிகிற அந்த நாலு கப்புகளையும் அவள் வாராவாரம் துடைக்கிறாள். மனிதர்களுக்குப் பொட்டு மாதிரி அந்தக் காருக்கு அது. அழகேசன் யோசித்து, பாடியில் ஒரு பழைய சாமான் கடையில் பியட் டாக்சி ஒன்றைப் பிரித்துப் போட்டிருப்பதாகவும், அதன் இரும்பு வீல்களை வாங்கித் துருவெடுத்து பெயின்ட் அடித்துத் தருவதாகவும் சொன்னான். மங்களம் சரி என்றாள். மிச்சம் டயர்தான்.

"இதுல ரெண்டு தினுசு கீதும்மா. ஒண்ணு மெத்துனு போவும், ஒருத்தர் ரெண்டு பேரு போறதுக்கு. இன்னொண்ணு டாக்சிக்குப் போடறது, கெட்டி. அஞ்சு பேரு ஏறினாலும் தாங்கும். ஆனா காலியா ஓட்டினா தூக்கித் தூக்கிப் போடும். எத்தினி பேரு போவீங்க?"

"அஞ்சு பேர்."

"எப்பனாச்சுமா, டெய்லியா?"

இங்கேதான் மங்களம் அந்தப் பொய்யைச் சொன்னாள். அந்த ரப்பர் முடியை அவன் காட்டாமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். "எப்பவும் அஞ்சு பேர்தான். பெரிய குடும்பம்," என்றாள்.

"அப்ப கெட்டிதான்," என்றான் அழகேசன், சந்தோஷமாக. நாலு சக்கரம், ஸ்டெப்னி ஒன்று, எல்லாவற்றுக்கும் அதையே தருவித்துப் போட்டான். ஐந்து பேர் பாரத்துக்குக் கணக்காகக் காற்றையும் இறுக்கிப் பிடித்தான். "ஃபேமிலியோட போனா பஞ்சு மாதிரி போவும் பாருங்க," என்று சொல்லி அனுப்பினான்.

வீடு வந்து சேருவதற்குள் மங்களத்தின் இடுப்பு கழன்றுவிட்டது. ஒவ்வொரு வேகத்தடையிலும் காரின் பின்பக்கம் ஆடு மாதிரி துள்ளியது. அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். ஆள் ஏறினால் சரியாகிவிடும். அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதுதான் மந்திரம். சீட் உறைகளைத் துவைத்துப் போட்டாள். குழந்தைமேல் வெயில் படாமலிருக்கக் கண்ணாடிக்குத் திரை வாங்கினாள். நிஷாவின் அம்மாவுக்கு முழங்கால் வலியாமே என்று, அவளுக்கு முன்சீட்டு என்று மனசுக்குள் இடம் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் புளியோதரைக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது அரவிந்தன் கூப்பிட்டான்.

"அத்தே, மேப்ல பாத்தேன். சித்தூர் வழியா வந்தா நாங்க நேரா திருத்தணிக்கே வந்துடலாம். மெட்ராஸ் வந்து திரும்பிப் போறது ரொம்பச் சுத்து. நீ அங்கேர்ந்து வந்துடேன், உனக்குக் கிட்டதானே? காலைல மலைமேல பாத்துக்கலாம்."

"ஆமாம்பா, அதான் சரி. எதுக்குக் குழந்தைய வெச்சுக்கிட்டு அலையணும்?" என்றாள் மங்களம். நல்ல யோசனை என்று அவனைப் பாராட்டவும் செய்தாள். போனை வைத்த பிறகுதான் கை புளியும் தண்ணீருமாக இருப்பது தெரிந்தது. பெங்களூர்க்காரன் திருத்தணிக்குப் போக ஆவடியைச் சுற்றிக்கொண்டு எதற்கு வருவான்? இத்தனை வருஷம் ஸ்டோர்ஸில் எந்தச் சாமான் எந்த வழியாக வரும் என்று விரல்நுனியில் வைத்திருந்தவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று? தோன்றியிருக்கும். அவள்தான் அதைத் தோன்றவிடவில்லை.

ஐந்து பேருக்கான புளியோதரைத் தூக்கைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் தனியாகக் கிளம்பினாள். திருநின்றவூர் தாண்டும்வரை சமாளித்துவிட்டாள். அதற்கப்புறம் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் ஏறியது. கார் துள்ளும்போதெல்லாம் தூக்கு சீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகரும். திருவள்ளூரில் நிறுத்தி அதைத் துண்டால் கட்டி வைத்தாள். பின்சீட்டின் ஸ்பிரிங் கிறீச் கிறீச்சென்று கத்தியதை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. முன்பெல்லாம் சீட்டில் ஆள் உட்கார்ந்தே இருந்ததால் அப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது.

மலைமேல் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. நிஷா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மங்களத்தின் இடுப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது. புளியோதரையை எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஏழு பேர் உட்காரும் புதுக் கார் அரவிந்தனுடையது. அதன் பக்கத்தில் பியட்டைப் பார்த்தவன், "அத்தே, டயர் எல்லாம் புதுசா? சூப்பர்," என்று சக்கரத்தைக் காலால் ஒரு தட்டு தட்டினான்.

கிளம்பும்போது மங்களம் கேட்டுவிட்டாள். கேட்கக்கூடாது என்று இருந்தவள்தான்.

"அரவிந்தா, அடிவாரம் வரைக்கும் என்கூட வாயேன். கொஞ்ச தூரம்தானே?"

அவன் நிஷாவைப் பார்த்தான். நிஷா நிஜமான கவலையோடு சொன்னாள். "பாப்பாவ வெச்சுக்கிட்டு எனக்கு மலை ரோட்ல ஓட்ட பயம் அத்தே. உங்க கார்ல பாப்பாவையும் ஏத்த முடியாது, பின்னாடி பெல்ட்டு இல்ல."

"நாங்க உன் பின்னாடியே வர்றோம் அத்தே," என்றான் அரவிந்தன். "அடுத்த தடவ கண்டிப்பா."

பின்னாடியே வந்தார்கள். வளைவுகளில் கண்ணாடியில் அவர்களுடைய கார் தெரிந்துகொண்டே இருந்தது. அடிவாரத்தில் சாலை பிரியும் இடத்தில் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு அவர்கள் சித்தூர்ப் பக்கம் திரும்பினார்கள். மங்களமும் ஹாரன் அடித்தாள். கண்ணாடியில் பின்சீட்டு மட்டும் தெரிந்தது, அதில் காலித் தூக்கு.

திருவள்ளூரில் நேராக ஆவடிக்கு வராமல் பூந்தமல்லி வழியைப் பிடித்து, பொழுது சாயும் நேரத்தில் சென்னீர்குப்பத்துக் கடை வாசலில் வந்து நிறுத்தினாள்.

"வாங்கம்மா, வண்டி எப்டி கீது?" என்றான் அழகேசன்.

"தூக்கிப் போடுதுப்பா. முதுகு போச்சு."

"ஆளு ஏறலியா?"

"இன்னைக்கி ஏறல."

"அவ்ளோதானே? ஒண்ணு பண்ணுங்க. டிக்கில ரெண்டு மூட்ட மணல் போட்டுக்கோங்க. லோடு வண்டிக்காரன்லாம் காலியா போறப்ப அப்டித்தான் பண்றான். ஃபேமிலி வர்றன்னிக்கி எறக்கி வெச்சிடலாம். இங்கியே மணல் கீது, நானே கட்டித் தர்றேன்."

மங்களம் உண்மையிலேயே யோசித்தாள். இரண்டு மூட்டை போட்டுவிட்டால் கார் பழைய மாதிரி அழுந்திக்கொண்டு போகும். பின்னாடி கனம் இருக்கும். எந்தப் பொய்யையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மூட்டை ஹாரன் அடித்துவிட்டு வேறு பக்கம் திரும்பவும் திரும்பாது. அப்படி நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. மனுஷர்களுக்குப் பதில் மணலை வைத்துக்கொண்டு ஊர்வலம் போகிற அளவுக்கா ஆகிவிட்டாள்?

"வேணாம்பா. காத்த எறக்கிடு."

"எறக்கிட்டா ஃபேமிலியோட போவும்போது மறுபடி புடிக்கணுமேம்மா."

"ஃபேமிலி இல்லப்பா," என்றாள் மங்களம். "அன்னைக்கி உன்கிட்ட பொய் சொன்னேன். நான் ஒருத்திதான். எப்பவும் நான் ஒருத்திதான். ஒரு ஆளுக்கு எவ்வளவு காத்து வேணுமோ அவ்வளவு வை."

அழகேசன் காற்று பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினான். உஸ்ஸென்ற சத்தம் வந்தது. மங்களம் இறங்கவில்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சொல்லும்போது வராத அழுகை, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வந்தது. அழகேசன் அடுத்த சக்கரத்துக்குப் போகும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனான்.

நாலையும் முடித்துவிட்டு ஜன்னலோரம் வந்து தயங்கி நின்றான்.

"அம்மா, ஸ்டெப்னில மட்டும் அப்டியே வுட்டுடவா? எப்பனாச்சும் அவங்கல்லாம் வந்தா..."

மங்களம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிக்கிச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"அதுலயும் எறக்கிடுப்பா."