ஜன்னலுக்கு வெளியே ஒரு நிமிடம்

"அண்ணே, வாடகையெல்லாம் அப்புறம். மொதல்ல ஃபோன ஜன்னலுக்கு வெளிய நீட்டுங்க. ஒரு நிமிஷம் போதும் லா."

வேலாயுதம் விடுமுறைக்கு விடுதி தேடுவது இப்படித்தான். மறுமுனையில் ஃபோன் நீட்டப்பட்டதும் கண்களை மூடிக்கொள்வார். படங்களை அவர் நம்புவதில்லை. படத்தில் எந்த நீச்சல் குளமும் கத்துவதில்லை என்பது அவர் கட்சி. கடலோர விடுதி ஒன்றை நாற்பதே விநாடியில் நிராகரித்தார். "பாஸ், ஒங்க தண்ணி பம்ப்ல பேரிங் போயிருச்சு. சீக்கிரம் மாத்திருங்க." விடுதிக்காரர் நன்றி சொன்னாரா, வேறேதும் சொன்னாரா என்று அவர் காத்திருந்து கேட்கவில்லை.

சாலாக் செலாத்தானில் எங்கள் அடுக்குமாடியின் ஏழாவது மாடிக்காரர். வயது ஐம்பத்திரண்டு. தொழில், லிஃப்ட் பழுதுபார்ப்பது. வைத்தியர் நெஞ்சில் குழல் வைப்பதுபோல் கதவில் காதை வைத்து, "மூணாவது மாடில ரோலர் அழுவுது" என்பார். பிரித்துப் பார்த்தால் அழுதுகொண்டுதான் இருக்கும். மின்சாரம் பார்க்கவும் திருகு கழற்றவும் ஆகிற டெஸ்ட் பென் ஒன்று எந்நேரமும் சட்டைப்பையில் குத்தியிருக்கும். அதோடுதான் தாலி கட்டினார் என்று மனைவி நல்லம்மாள் குற்றம் சாட்டுகிறார். கல்யாண ஆல்பம் மனைவி பக்கம் சாட்சி சொல்கிறது.

இப்படிப்பட்ட காதுக்குப் பொது விடுமுறை ஒரு தண்டனை. நாம் எந்தப் பண்டிகையையும் அடுத்தவர் காதில்தான் கொண்டாடுகிறோம். போதாததற்கு, விடுமுறை என்றால் லிஃப்ட்டுகளும் வேலைநிறுத்தம் செய்யும். போன நோன்புப் பெருநாளுக்கு மலைமேல் ஓய்வெடுக்கப் போன குடும்பத் தலைவர், இரண்டு நாளையும் அந்த விடுதியின் லிஃப்ட் குழிக்குள் கழித்தார். சம்பளம் கேட்கவில்லை, சந்தோஷமாக இருந்தார். அதுதான் நல்லம்மாளால் மன்னிக்க முடியாதது.

நல்லம்மாள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். நாளெல்லாம் ஒரு காதில் தொலைபேசி, மறு காதில் பல் குடையும் மெஷின். "இந்த மெர்டேக்கா, சுதந்திர தின லீவுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா, அடுத்த லீவுக்கு நானும் பிள்ளைங்களும் மட்டும்தான் போவோம். நீங்க ஒங்க லிஃப்ட்டோட இருங்க" என்று அறிவித்தார். நிபந்தனைகள் இரண்டு: லிஃப்ட் இல்லாத இடம்; டெஸ்ட் பென் நல்லம்மாளின் கைப்பையில்.

பதினேழாவது அழைப்பில் கிடைத்தது. காஜாங் தாண்டி, உலு லங்காட் பக்கம். ஜன்னலுக்கு வெளியே ஓடைத் தண்ணீர், ஒரு குருவி, தூரத்தில் யாரோ பெருக்கும் விளக்குமாறு. இரண்டே மாடி, படிக்கட்டு. வேலாயுதம் கண்ணைத் திறந்தபோது அது கலங்கியிருந்தது. பெருந்தன்மையாக எங்கள் குடும்பத்தையும் அழைத்தார். "வாங்க. ஆனா பேசக் கூடாது."

முதல் நாள் ஒன்றுமே நடக்கவில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு அந்த இடத்துக்கு இல்லை. நல்லம்மாள் மூங்கில் நாற்காலியில் கால் நீட்டி, யாரும் கூப்பிடாத தன் பெயரை ரசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு கிள்ளானிலிருந்து இரண்டு வேன்கள் வந்து நின்றன. வீரம்மா என்பவருக்கு அறுபதாவது பிறந்தநாள். முப்பது உறவினர்கள், பிரியாணி அண்டாக்கள், ஆளுயரக் கராவோக்கே பெட்டி. வேலாயுதம் விடுதிக் காப்பாளர் சின்னையாவைப் பார்த்தார்.

"நீங்க ஃபோன் பண்ணப்ப இவங்க இல்லண்ணே" என்றார் சின்னையா. மறுக்க முடியாத உண்மை.

வீரம்மாவின் மருமகன்கள் இருவர் பாடினார்கள். வேலாயுதம் முகத்தைச் சுளித்தார், பாட்டுக்காக அல்ல. "பாட்டுக்கு அடியில ங்ங்ங்னு ஒண்ணு கேக்குதா? உள்ள எர்த் வயரு லூஸு. பத்து நிமிஷம் தாங்காது."

எட்டாவது நிமிடத்தில் பெட்டி 'டப்' என்றது. ஓடை திரும்பி வந்தது. குருவியும் வந்தது. நல்லம்மாள் கண்களை மூடிக்கொண்டார்.

"யாருக்காச்சும் ரிப்பேர் தெரியுமா?" என்று அங்கிருந்து ஒரு குரல்.

"எனக்குத் தெரியாது" என்று வேலாயுதம் தம் முழங்காலிடம் சொன்னார்.

"அப்பா, இவ்ளோ மெதுவா சொன்னா அவங்களுக்கு எப்படிக் கேக்கும்?" என்றாள் மூத்த மகள்.

அவர் கை சட்டைப்பைக்குப் போய் வெறுமையைத் தொட்டுத் திரும்பியது. மறுபடி போனது. அங்கே மருமகன்கள் பெட்டியைத் தட்டினார்கள், சாய்த்தார்கள், ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக ஓர் உதை விட்டார். ஒவ்வொரு தட்டுக்கும் வேலாயுதம் தன்னையே அடித்ததுபோல் நெளிந்தார்.

அடுத்த பாட்டு வீரம்மாவுடையதாம். பட்டுச்சேலையில், கையில் மைக்கோடு எழுந்து நின்றிருந்தவர், "பரவால்ல லா, கேக்கு வெட்டுவோம்" என்று சிரித்தபடி உட்கார்ந்தார்.

நல்லம்மாள் கண் திறந்து வீரம்மாவைப் பார்த்தார். "அந்த அக்கா இன்னும் மைக்கக் கீழ வைக்கல."

"பெட்டி சரியாச்சுன்னா பொழுது சாயற வரைக்கும் பாடுவாங்க" என்றார் வேலாயுதம், நேர்மையாக.

"தெரியும்."

நல்லம்மாள் கைப்பையைத் திறந்தார். டெஸ்ட் பென்னை எடுத்து, கிளிப் வெளியே தெரியும்படி கணவருடைய சட்டையில் குத்தி, சட்டைப்பையை ஒரு தட்டுத் தட்டினார்.