பட்டியலில் என் பெயர் இரண்டு முறை

போன ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் நடந்தது இது. பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மீனவக் குப்பம் எங்களுடையது. எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டி ஒரு சவுக்கு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம், ஓட்டை உடைசல் பார்ப்பதற்காக ஏற்றிவைத்த ஃபைபர் படகுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கும். அந்தப் படகுகளை இன்றைக்கும் என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

நான் பொன்னேரிப் பக்கம் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். காதல் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தேன். வந்த புதிதில், விடியற்காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிய மாமனாரிடம், நல்ல மருமகள் என்று பெயர் வாங்குகிற ஆசையில், “எங்க மாமா கிளம்பிட்டீங்க?” என்று கேட்டுவிட்டேன். மனிதர் பையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்குக் கடலுக்கே போகவில்லை. பிறகு மாமியார்தான் விளக்கம் சொன்னார்: “தொழிலுக்குப் போறவங்கள எங்க போறன்னு கேக்கக் கூடாதும்மா. பின்னால இருந்து கூப்பிடவும் கூடாது. பாடு கெட்டுடும்.” பாடு என்றால் வலையில் மீன் விழுவது. அதிலிருந்து நான் கேட்டதே இல்லை. இந்தக் குப்பத்தில் யாருமே யாரையும் கேட்பதில்லை.

மாமனாரும் என்னோடு அதிகம் பேசமாட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தலையாட்டுவார், போவார். வேறு சாதிப் பெண் என்ற வருத்தம் போகவில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். புது ஃபோன் வாங்கியபோது என் பழைய ஃபோனை அவருக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. சென்னையில் இருக்கிற ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். இங்கே டவர் எடுப்பது அதிசயம் என்பதால் கேபிள்காரரிடம் சொல்லி வைஃபை போட்டுக்கொண்டோம். அதுதான் என் பிழைப்பு.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. ஆரம்பாக்கத்திலிருந்தும் எளாவூரிலிருந்தும் முந்தின நாளே சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். காலையிலிருந்து மைக்செட் காதைப் பிளந்துகொண்டிருந்தது. மாமனார் விடியலிலேயே பையோடு போய்விட்டார். மாமியார் மீன் விற்க மார்க்கெட்டுக்கும், கணவர் எண்ணூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்கும் போயிருந்தார்கள். குழந்தை தூளியில் தூங்குகிறாள். நான் கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு மேனேஜரோடு மீட்டிங்கில் உட்கார்ந்தேன்.

இரண்டு வார்த்தை பேசியிருப்பேன், நெட் நின்றுவிட்டது. திரும்ப வந்தது. திரும்ப நின்றது. வாயைப் பாதி திறந்து, ஒரு கண்ணை மூடி, தும்மப் போகிறவள் மாதிரி என் முகம் திரையில் அப்படியே உறைந்து நிற்கிறது. மேனேஜர், “நெட்டைச் சரிபண்ணிட்டு வாங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மானமே போய்விட்டது.

வைஃபை போட வந்த பையன் என் ஃபோனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்திருந்தான். நம் வைஃபையில் யார் யாருடைய ஃபோன் சேர்ந்திருக்கிறது என்று அதில் பார்க்கலாம், வேண்டாததைத் தடுக்கலாம் என்று சொல்லியிருந்தான். அன்றைக்குத்தான் முதல் முறையாகத் திறந்தேன். என் ஃபோன், என் லேப்டாப், டிவி, இவ்வளவுதான் இருக்க வேண்டும். ஆனால் பட்டியலைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது! அம்முக்குட்டியாம், கடல் ராஜாவாம், டானாம். யாரடா இவர்களெல்லாம்? பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை நேரத்தில் பாவம் பார்த்துப் பாஸ்வேர்டு சொன்னது நான்தான். அது ஆரம்பாக்கம் வரைக்கும் போயிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் கிடையாது. ஒவ்வொன்றாகத் தடுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து வீட்டுப் பந்தலில் பாட்டுக்கு நடுவே, “நெட்டு பூடுச்சு!” என்று ஒரே கூச்சல். அக்கா பட்டுப்புடவையோடு கொல்லை வேலிக்கு வந்துவிட்டார். நானும் போனேன்.

“இன்னாம்மா, நெட்ட நிறுத்திட்டியா? புள்ளைங்க வீடியோ பாத்துகினு இருந்துச்சுங்களே.”

“எங்க வீட்டு நெட்டு என்ன ஊர்ப் பொதுக் குழாயாக்கா? வர்றவங்க போறவங்க எல்லாம் புடிச்சுக்க?”

“நல்ல நாளு அதுவுமா இப்டியா பேசுவ? போம்மா, நீயே வச்சுக்க.”

நான் அதோடு விட்டேனா? மைக்செட்டைத் தாண்டிக் கேட்கவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அக்காவும் சளைக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த படகுகளுக்குப் பக்கத்தில் நின்றுதான் இவ்வளவு சண்டையும் போட்டோம்.

உள்ளே வந்து மிச்சத்தையும் துடைத்துவிடலாம் என்று பட்டியலை மறுபடி பார்த்தேன். கடைசியில் என் பெயர் இருந்தது. மேலே ஏற்கெனவே என் பெயர் இருக்கிறதே! பார்த்தால், என் பெயரே இரண்டு முறை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பெயரிலேயே ஒருவர் உள்ளே நுழைந்திருக்கிறாரா? இந்த ஃபோன் மோசடி பற்றி டிவியில் சொன்னதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. முதலில் இவரைத் தடுப்போம் என்று விரலைக் கொண்டுபோய்விட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. அது என் பழைய ஃபோன். அதில் என் பெயரை மாற்றவே இல்லை. அதாவது மாமனாருடைய ஃபோன்.

ஆனால் மாமனார் கடலில் அல்லவா இருக்கிறார்?

ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று அலமாரியைப் பார்த்தேன். சார்ஜர் மட்டும் தொங்குகிறது. சாதாரண அழைப்பு போகவில்லை. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். மணி போகிறது! மறுமுனையில் மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. எங்கள் வைஃபை கொல்லையைத் தாண்டி நாலு படகு தூரம் எட்டினாலே பெரிசு. ஃபோன் இங்கேயேதான் எங்கேயோ இருக்கிறது. மனுஷன் எங்கே?

என்னென்னவோ தோன்றியது. யாராவது திருடியிருப்பார்களோ? முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, யாரோ பையை மட்டும் கொண்டுவந்து போட்டிருக்கிறார்களோ? திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே கொல்லைக்கு ஓடினேன். மைக்செட் சத்தத்தில் என் மூச்சே எனக்குக் கேட்கவில்லை. ஃபோன் மணி எங்கே கேட்கப் போகிறது?

பந்தலுக்குள் ஓடி, “பாட்ட நிறுத்துங்க!” என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நெருப்புப் பறந்தது.

“நெட்ட நிறுத்துன, இப்போ பாட்டையும் நிறுத்தணுமா? இன்னாதான் உன் பிரச்சன?”

“அக்கா, மாமா ஃபோன் இங்கதான் அடிக்குது, மாமாவக் காணோம்!” என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. மைக்செட்காரர் கையை எடுக்கும்வரைகூடப் பொறுக்காமல் அவரே போய் ஒயரைப் பிடுங்கிப் போட்டார்.

திடீரென்று குப்பமே அமைதியானது. நான் மறுபடி கூப்பிட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம், கவிழ்ந்து கிடந்த படகுக்குள்ளிருந்து என் மகள் சிரித்தாள்.

ஆமாம், சிரித்தாள். “தாத்தா போனு, தாத்தா போனு” என்று மழலையில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. வீட்டுக்குள் ஓடினேன், தூளியில் அவள் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அப்புறம்தான் புரிந்தது, அவள் குரலைப் பதிந்து மாமனார் தன் ஃபோனுக்கு மணிச் சத்தமாக வைத்திருக்கிறார். எனக்கு அது தெரியவே தெரியாது.

நான் திரும்பி ஓடி வருவதற்குள் அக்கா மணலில் குப்புறப் படுத்து, படகின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் இருந்த சந்தில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஐயோ, சித்தப்பா உள்ள கீறாரு!” என்று அலறினார்.

அவர் அன்றைக்குக் கடலுக்குப் போகவே இல்லை. படகின் அடி விரிசலை உள்பக்கத்திலிருந்து ஒட்டுவதற்காக, அதை ஒரு பக்கம் நெம்பித் தூக்கி, சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்து, கீழே நுழைந்து வேலை செய்திருக்கிறார். மணலில் கட்டை நழுவி, படகு மொத்தமாக அவர் மேல் கவிழ்ந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் மற்றப் படகுகளைப் போல அதுவும் ஒரு கவிழ்ந்த படகு. கூட்டாளிகளிடம் “இன்னைக்கு வரல” என்று முன்பே சொல்லியிருக்கிறார். வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆண்கள் பெரும்பாலும் கடலில். இருந்தது மைக்செட்காரரும் நாங்கள் பெண்களும் பிள்ளைகளும்தான். எல்லாரும் பாய்ந்து படகைப் பிடித்தோம். அக்கா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

“தூக்காதீங்கடி! வழுக்குச்சுன்னா அவர் மேலயே வுழும். மொதல்ல மணல வாருங்க!”

எதை வைத்து வாருவது? ஆரம்பாக்கத்து அம்மா ஒருத்தர் பந்தலுக்கு ஓடி, சீர்வரிசைத் தட்டிலிருந்த ஆப்பிளையும் வளையலையும் தரையில் கொட்டிவிட்டுத் தட்டோடு ஓடிவந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு தட்டு. பட்டுப்புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, நான் கொஞ்ச நேரம் முன்புதான் வைஃபையிலிருந்து விரட்டியடித்த அம்முக்குட்டியும் டானும் மற்றவர்களும் முட்டி போட்டு மணலை வாரி வாரி இறைத்தார்கள். விழா நாயகியே மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து வாரினாள். பள்ளம் ஆழமாக ஆக, உள்ளிருந்து ரெசின் நெடி குப்பென்று அடித்தது. ஃபைபர் ஒட்டுகிற அந்தப் பசை வாடையும், வெயிலில் காய்ந்த படகின் சூடும். அடுப்புக்குள் இருந்திருக்கிறார் மனிதர்.

இரண்டு கட்டையை விளிம்புக்கு அடியில் கொடுத்து நெம்பிப் பிடித்தோம். அக்காவும் இன்னொருத்தரும் காலைப் பிடித்து இழுத்தார்கள். வெளியே வந்த உடம்பைப் பார்த்து நான் செத்துவிட்டார் என்றே நினைத்தேன். முகம் கறுத்து, உதடு வெடித்து, கண் மேலே செருகியிருந்தது. “மாமா! மாமா!” என்று கத்துகிறேன், அசைவே இல்லை. அக்கா பந்தலிலிருந்து மஞ்சள் தண்ணீர்க் குடத்தையே தூக்கிவந்து அவர் தலையில் கொட்டினார். அப்போதுதான் ஒரு இருமல். அந்த இருமலைக் கேட்டதும் அங்கே நின்ற அத்தனை பேரும் ஓவென்று அழுதோம்.

மைக்செட் ஏற்றிவந்த குட்டியானை வண்டியிலேயே பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விலா எலும்பில் அடி, உடம்பில் சொட்டு நீரில்லை, ரெசின் நெடி நுரையீரல் வரைக்கும் போயிருந்தது. நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் பேச்சு வந்தது. முதலில் கேட்டது, “போனு டப்பா மூடி டைட்டா கீதா? தண்ணி பூந்துடல இல்ல?” தண்ணீர் படாமல் இருக்க ஃபோனைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிவைப்பது இங்கே எல்லாருக்கும் பழக்கம். அந்த டப்பா கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

“பலகை நெஞ்ச அமுக்கிடுச்சும்மா. ஆனா காது கேட்டுச்சு. நீ நெட்டு சண்ட போட்டியே, பொதுக் குழாயான்னு... எல்லாம் கேட்டுச்சு. ‘மா, மா’ன்னு உன்னத்தான் கூப்ட்டேன்.”

நாங்கள் கத்திக்கொண்டு நின்றபோது, எங்கள் காலடியில் ஒரு உயிர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. முதல் முறையாகக் கூப்பிட்டபோது எனக்குக் கேட்கவில்லை.

அந்த இரண்டாவது பெயரை மட்டும் நான் தடுத்திருந்தால்? மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தடுத்த ஃபோன்களையெல்லாம் அன்றைக்கே திறந்துவிட்டேன். மீட்டிங் இருக்கிற நேரத்தில் மட்டும் வேலிக்கு வந்து, “அக்கா, கொஞ்ச நேரம் புள்ளைங்கள நிறுத்தச் சொல்லுங்க” என்பேன். அவரும் உடனே, “டேய், வைங்கடா போன!” என்று அதட்டல் போடுவார். மணலில் நசுங்கிய சீர்வரிசைத் தட்டு ஒன்று அவர் வீட்டில் இன்னும் இருக்கிறது.

மாமனார் தேறி, மறுபடி தொழிலுக்குப் போகிறார். எங்கே போகிறீர்கள் என்று இன்றைக்கும் யாரும் கேட்பதில்லை. ஆனால் கிளம்பும்போது சமையற்கட்டுப் பக்கம் வந்து நின்று, யாரிடமோ சொல்கிற மாதிரி, “கடலுக்குத்தான்” என்றோ, “படகாண்டதான் இருப்பேன்” என்றோ சொல்லிவிட்டுப் போகிறார். அவர் ஃபோனில் என் பெயரை நான் மாற்றவில்லை. அவர் கடலுக்குப் போனால் அந்தப் பட்டியலில் என் பெயர் ஒரு முறைதான் இருக்கும். வேலைக்கு நடுவே நான் அதைத் திறந்து திறந்து பார்ப்பேன். படகு கரை ஏறி, அவர் வேலிக்கு அருகில் வரும்போதே அது இரண்டாகிவிடும், அதைப் பார்த்த பிறகுதான் நான் உலை வைக்கப் போவேன்.