சந்தேகப்படத் தெரிந்த ஏவுகணை

பிலோமினா இறந்த செய்தி, நான் கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. அழைத்தவர் எங்கள் பழைய அலுவலகத்து சேகர். "சார், பிலோமினா மேடம் போயிட்டாங்க" என்றார். பெட்டியில் ஒரே இரைச்சல். "எங்க போனாங்க? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்னாங்களே!" என்று கத்தினேன். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள்தான் என்னைவிட முன்பாகப் புரிந்துகொண்டார். கூடையை நகர்த்தி, "குந்துப்பா" என்று இடம் விட்டார்.

நான் அப்படிக் கேட்டதைக் கேள்விப்பட்டால் பிலோமினா விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அது தெரியும்.

தெரியாதவர்களுக்காக: திருவொற்றியூரில் ஒரு சின்ன வடிவமைப்பு அலுவலகத்தில் நாங்கள் இருந்தோம். கடற்படை ஏவுகணைகளுக்குக் கணக்குப் போட்டு, மாதிரி செய்து கொடுப்பது வேலை. நான் எரிபொருள் பக்கம். அவர் வழிகாட்டும் பக்கம், அதாவது ஏவுகணையின் மூக்கில் இருக்கும் ரேடாரும், அது பார்ப்பதைப் புரிந்துகொள்ளும் மூளையும். தூக்கிப் பறக்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு. அவர் மூக்கைப் பெரிதாக்கினால் என் எரிபொருள் குறையும், ஏவுகணை தூரம் போகாது. நான் எரிபொருளைக் கூட்டினால் தூரம் போகும், போன இடத்தில் கண் தெரியாது. இந்த ஒன்றை வைத்துக்கொண்டே பணி ஓய்வு வரை சண்டை போட்டோம். எந்த மீட்டிங்கையும் அவர் நல்ல ஆங்கிலத்தில்தான் தொடங்குவார். கோபம் வந்ததும் பேச்சு பிறந்த ஊரான ராயபுரத்துக்குத் திரும்பிவிடும். "வயிறு முட்டத் துன்னுகினு கண்ணு தெரியாம போயி இன்னா மூர்த்தி சார் பண்ணும் அது?"

ஒருமுறை கடற்படையிலிருந்து ஒரு கமாண்டர் வந்தார். கப்பலில் இடம் குறைவு, வகைக்கொரு ஏவுகணை அடுக்க முடியாது, ஒன்றே எல்லாம் செய்ய வேண்டும் என்றார். நடுக்கடல் கப்பலையும் அடிக்க வேண்டும், துறைமுகத்தில் ஒதுங்கிய கப்பலையும் அடிக்க வேண்டும், கரையிலுள்ள கட்டடத்தையும் விடக்கூடாது. எங்கள் இயக்குநர் யோசிக்கவே இல்லை. "இருக்கற மூக்கே போதும். செஞ்சிடலாம்" என்றார்.

பிலோமினா அந்த மூக்கை மொட்டைமாடிக்கு ஏற்றினார். கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய படகில் இரும்புத் தகடுகளைக் கட்டி நிறுத்தியிருந்தோம். அதுதான் எதிரிக் கப்பல். எங்களுக்கும் கடலுக்கும் நடுவே எண்ணூர் சாலை. ரேடார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. படகை விட்டுவிட்டு, சாலையில் போன ஒரு தண்ணீர் லாரியைப் பிடித்துக்கொண்டது. லாரி நகர நகர மூக்கும் திரும்பியது. லாரி டீக்கடையில் நின்றது. மூக்கும் நின்றது. டிரைவர் டீ குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவி வைத்து, யாரோடோ கதை பேசி முடிக்கும் வரை அது கண்ணை எடுக்கவே இல்லை.

"சின்னக் கோளாறு" என்றார் இயக்குநர்.

"கோளாறு இல்ல சார். பெருசா இரும்பு தெரிஞ்சா அதான் கப்பல்னு நாமதான சொல்லிக் குடுத்துகீறோம்? கரையாண்ட வந்தா எல்லாமே இரும்பு. அது பாவம், சொன்ன பேச்சு கேக்குது."

கமாண்டர் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "சரி, என்ன வேணும்?" என்று கேட்டார்.

ரேடாருக்குத் துணையாக உருவத்தைப் பார்த்து அடையாளம் காணும் ஒரு கண் வேண்டும் என்றார் பிலோமினா. கப்பலோடு கடைசிவரை பேசிக்கொண்டே போக ஓர் இணைப்பு வேண்டும். இலக்கில் சந்தேகம் வந்தால், விலகிப் போய்க் கடலில் விழத் தெரிய வேண்டும். இயக்குநருக்குக் கோபம் வந்தது. "சந்தேகப்படுற ஆயுதத்தை யாரும்மா வாங்குவா?"

"மீன் புடிக்கிற ஃபைபர் போட்ல ஆள் கீறான் சார். நம்ம ராடார்ல அவன் ஒரு புள்ளி. வூட்ல அவன் புள்ளி இல்ல."

கமாண்டர் என்னைப் பார்த்தார். இதற்கெல்லாம் வேண்டிய எடை என் எரிபொருளிலிருந்துதான் வர வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிலோமினா தூக்குப் பாத்திரம் நிறைய வஞ்சிரக் குழம்போடு என் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டேன். எரிபொருளைத் தர மறுத்தேன். "துன்னுட்டு இல்லன்றாரு பாரு" என்று என் மனைவியிடம் முறையிட்டார். "கேக்கறாங்கல்ல, குடுத்துடுங்களேன். நம்ம வீட்டு கேஸா போகுது?" என்றாள் அவள். எனக்கு வீம்பு. "முதல்ல நீங்க எதையாவது விடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

மறுநாள் காலை அவர் ஏவுகணையில் இருந்த தன் கருவியையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்து நின்றார். எதிரிக் கப்பலின் ரேடார் அலைகளை ஒட்டுக்கேட்டே அந்தக் கப்பலைக் கண்டுபிடிக்கும் கருவி அது. பல வருட உழைப்பு. அலுவலகத்துக்கு யார் வந்தாலும், பேரப்பிள்ளை போட்டோவைக் காட்டுவதுபோல் அதைத்தான் காட்டுவார். "அத்த எடுத்துட்டேன். இப்ப நீ குடு" என்றார். கண் சிவந்திருந்தது. கேட்டால், மிளகாய்த்தூள் பட்டுவிட்டதாம். நான் கொடுத்தேன். ஏவுகணை போகும் தூரம் குறைந்தது. கமாண்டர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

பின்னாளில் தொலைவில் ஒரு கடற்பகுதியில் சோதனை நடந்தது. நாங்கள் அலுவலகத்தில் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தடை செய்த பகுதிக்குள் எப்படியோ ஒரு மீன்பிடிப் படகு புகுந்துவிட்டதாம். இலக்கை நெருங்கிய ஏவுகணை குழம்பி, விலகி, யாருமில்லாத தண்ணீரில் விழுந்துவிட்டது. செய்தியைக் கேட்டதும் இயக்குநர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிலோமினா எழுந்து போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தார்.

"தோல்விக்கு யாராவது ஜிலேபி குடுப்பாங்களா?" என்றார் இயக்குநர், தலையைத் தூக்காமல்.

"அந்த போட்டுக்காரன் இன்னிக்கு வூட்டுக்குப் போயி, கொழம்புல உப்பு இல்லன்னு பொண்டாட்டியாண்ட சண்ட போடுவான் சார். இது தோல்வியா?"

இயக்குநர் ஒன்றை எடுத்துக்கொண்டார். சற்றுப் பொறுத்து இன்னொன்று. சோதனை அறிக்கையில் முதலில் 'தோல்வி' என்றுதான் எழுதினார்கள். கமாண்டர் விடாமல் வாதாடி அதை மாற்ற வைத்தார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அவருடைய தம்பி லாரன்ஸ் என்னிடம் வந்தார். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவர். "அக்கா இன்னா வேல பாத்துச்சின்னு கடசி வரிக்கும் சொல்லல சார். கேட்டா, ஆபீஸ்ல சமையல்னு சொல்லும்."

"கிட்டத்தட்ட அதுதாம்பா. எதைப் போடறது, எதை விடறதுன்னு பாக்கற வேலை" என்றேன்.

"அட போ சார். அதுக்கு சுடுதண்ணி வெக்கத் தெரியாது. உங்க வூட்டுக்கு எடுத்தாந்த கொழம்பு என் பொண்டாட்டி வெச்சது." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்து என் தோளில் சாய்ந்துகொண்டார்.

பாதி வழியில் திரும்ப வெட்கப்படாமல் இருப்பது. பிலோமினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். சென்ற வாரம், மேல்வீட்டுக்காரர் மோட்டாரை அணைக்காமல் தண்ணீரை வழியவிட்டார் என்று, திட்ட வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில், மோட்டாரைப் போட்டது நானாகவும் இருக்கலாமே என்று தோன்றியது. இறங்கி வந்துவிட்டேன்.

"என்ன, போன வேகத்துல வந்துட்டீங்க?" என்றாள் மனைவி.

குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காபியை எடுத்தேன். இன்னும் சூடாகவே இருந்தது.