சுருளியாண்டிக்கு வந்த மெமோ

மின்நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்கும் கரண்டு வேண்டுமே! கம்பம் ஊருக்கு மேற்கே மலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அணைத் தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் வாயில் ஒரு பெரிய இரும்புச் சல்லடை உண்டு. இலை, கட்டை, செத்த காட்டுப்பன்றி, எது வந்து அடைத்தாலும் அள்ளிப் போடுகிறவர் லோயர் கேம்ப் ஊர்க்காரர் சுருளியாண்டி.

பத்தொன்பது வருடமாக அள்ளுகிறார். ஒப்பந்தக்காரர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள், இவர் மாறவில்லை. வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு வழக்குப் போட்டார். இப்படி ஓர் ஆளே எங்களிடம் இல்லை என்று நிர்வாகம் கூசாமல் பதில் கொடுத்தது. இங்கே வேலை பார்ப்பதாக நிர்வாகமே எழுதிய காகிதம் ஒன்று காட்டினால் போதும் என்றார் வக்கீல். காகிதத்துக்கு இவர் எங்கே போவார்?

இந்த ஜூனில் தண்ணீர் திறக்கப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். பூத்தூவுவது வழக்கம்தான். ஆனால் படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டுமாம், ஆளுயர மாலைகளை நாரோடு அப்படியே எறிந்தார்கள். சல்லடை அடைத்துவிடும் என்று சுருளியாண்டி சொன்னதற்கு, படத்தில் விழாமல் தள்ளி நிற்கச் சொன்னார்கள். விருந்தினர் போகும்வரை கிட்டே வரக்கூடாது என்றும் உத்தரவு. பிரியாணி பரிமாறும்போது இயந்திரம் நின்றுவிட்டது.

மேலிடம் காரணம் கேட்டது. மாலை எறிந்ததே மேலிடம்தான், அதை எழுத முடியுமா? பொறியாளர் விஜயபாண்டி கெட்டிக்காரர். ‘பத்தொன்பது ஆண்டுகளாகச் சல்லடைப் பராமரிப்பில் பணிபுரியும் சுருளியாண்டி கவனக்குறைவாக இருந்தார், விளக்கம் தரவும்’ என்று மெமோ அடித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சுருளியாண்டி கோபப்படவே இல்லை. இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கக் கம்பத்துக்கு பஸ் ஏறினார்.

வக்கீலிடம் போன சேதி நிர்வாகத்துக்கு எட்டி, மறுநாள் காலையில் சுருளியாண்டி வீட்டு வாசலில் ஜீப் நின்றது. இத்தனை வருடமாக ‘யோவ்’ என்று கூப்பிட்ட விஜயபாண்டி, “அண்ணே, மெமோவ ரத்துப் பண்ணியாச்சு, குடுத்துருங்க” என்றார்.

“அதெப்படி சார்? மாலைய எறிஞ்சவுக பெரிய ஆளுக. தப்புப் பண்ணுனவன் நான்னு நீங்களே எழுதிட்டீக. விளக்கம் குடுக்கணும்ல?”

விளக்கத்தைக் கையோடு எழுதியும் வைத்திருந்தார். ‘ஐயா, பத்தொன்பது வருடமாக உங்களிடம் வேலை பார்க்கும் நான், குற்றத்தை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.’