பூச்சியத்தில் முடியாத காசு

லண்டனில் கார்பெட் போடும் வேலை செய்து இருபத்தாறு வருடமாகிறது. எனக்குக் காசு தரவேண்டியவர்களின் பெயரை நித்திரையிலும் வரிசையாகச் சொல்லுவேன். எட்மண்டனில் ஒருவர் இருக்கிறார். மூன்று அறைக்குக் கார்பெட் போடுவித்தவர், நான் பெல் அடித்தால் திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கால் மட்டும் தெரியும். இத்தனை வருடத்தில் ஒருவராவது காசோடு என்னைத் தேடி வந்ததில்லை. தேடி வந்த ஒரே ஆள் பாமா. அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு பவுண் காசு.

பாமா திருச்சிக்காரர். கணவர் கணினி வேலைக்கு வந்தவர். இவர் பின்னால் வந்து, குட்மேய்ஸில் சட்டத்தரணி பிரதாபனின் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கச் சேர்ந்தார். கணினியில் இருப்பதை நம்பமாட்டார், அச்சடித்துப் பேனையால் சரிபார்ப்பார். கட்சிக்காரர் காசுக்குப் பச்சைப் பேனை, அலுவலகக் காசுக்கு நீலம். அலுவலகத்தில் பாலுக்குச் சேர்த்த காசில் பதினான்கு பென்ஸ் மிஞ்சியதாம். ஏழு பேருக்கும் இரண்டிரண்டு பென்ஸாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தன் பங்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பிரதாபன் விழித்த விழியை, வரவேற்பில் இருக்கும் ஹம்சினி நடித்தே காட்டுவாள்.

என் ஒரு பவுண் அங்கே போன கதை இதுதான். நாலு வருடத்துக்கு முதல் நாங்கள் பிளேஸ்டோ வாடகை வீட்டை விட்டுக் குட்மேய்ஸில் வீடு வாங்கினோம். பத்திர வேலையைப் பார்த்தது பிரதாபன். அப்போது பாமா அங்கே இல்லை, கணக்குக்கு வேறு ஆள். எல்லாச் செலவும் சேர்த்து அறுபத்துநாலாயிரம் பவுண் அனுப்பச் சொன்னார்கள். என் மனைவி தவநாயகி விடவில்லை.

"பூச்சியத்தில முடியிற காசு வீட்டுக்கு ஆகாது. கலியாண வீட்டுக்கே நூற்றியொண்டு குடுக்கிறம். ஒண்டு சேர்த்து அனுப்புங்கோ."

அனுப்பினேன். விற்கிறவர் இழுத்தடித்ததில் காசு ஒன்பது வாரம் பிரதாபனிடம் கிடந்தது. பிறகு வீடு வந்தது, சாவி வந்தது, பால் காய்ச்சினோம். அந்த ஒன்றை மறந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. உங்களுடைய ஒரு பவுண் எங்களிடம் இருக்கிறது, வங்கி எண் தரவும். குப்பையில் போட்டேன். மூன்றாவது கடிதம் வந்ததும் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, கடிதத்துக்கு ஒட்டின முத்திரை விலை என்னெண்டு தெரியுமே? அந்த ஒரு பவுணுக்கு டீ வாங்கிக் குடியுங்கோ."

"அது உங்க காசு அண்ணா. நான் குடிச்சா திருட்டு."

"அப்ப பிரதாபன் குடிக்கட்டும்."

"அவர் குடிச்சா இன்னும் பெரிய திருட்டு."

பொறுமையாக விளங்கப்படுத்தினார். கட்சிக்காரர் காசு தனிக் கணக்கில் இருக்கவேண்டும், அலுவலகக் காசோடு கலக்கக்கூடாது. வேலை முடிந்தால் மிச்சத்தை உடனே உரியவரிடம் கொடுத்துவிடவேண்டும். ஆளைக் காணவில்லை என்றால் தர்மத்துக்குக் கொடுக்க வழியுண்டாம். நானோ அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடையில் உயிரோடு இருக்கிறேன்.

"போன வருஷம் ஆடிட்டர் வந்து, நாப்பத்துமூணு பேர் மிச்சம் சும்மா கிடக்குன்னு எழுதிட்டாரு அண்ணா. இந்தத் தடவை மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வர்றாரு, அன்னைக்குத்தான் என்னோட ட்ரயல் ஆறு மாசமும் முடியுது. பட்டியல் காலியா இருந்தா வேலை நிரந்தரம், இல்லன்னா கிளம்பணும். நாப்பத்திரண்டு பேர் முடிச்சிட்டேன். நீங்க ஒருத்தர்தான்."

எனக்கு மனம் இளகியது. வங்கி எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். தவநாயகி போனைப் பறித்துவிட்டாள்.

"வீட்டுக்கெண்டு வைச்ச ஒண்டைத் திருப்பி எடுக்கிறதோ? வீடு விளங்குமே, பிள்ளை?"

பாமா விடவில்லை. சனிக்கிழமை கோட்டும் பையுமாக வாசலில் வந்து நின்றார். தவநாயகி தேத்தண்ணியும் வடையும் கொடுத்தாள், வங்கி எண்ணை மட்டும் கொடுக்கவில்லை.

"கோயிலுக்குப் போடச் சொல்லி எழுதிக் கொடுங்க அக்கா, போட்டுடறேன்."

"அது வீட்டின்ர ஒண்டு, கோயிலின்ர இல்லை. வெறும் ஒண்டாத் திரும்பி வரப்படாது. வளர்ந்து வந்தால் வாங்குவன்."

பாமா கடித்த வடையைத் தட்டில் வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "ஒன்பது வாரம் எங்ககிட்ட இருந்துச்சுல்ல அண்ணா, உங்க காசு? வட்டி தந்தாங்களா?"

"வட்டியோ? சட்டத்தரணி தருவாரோ?" நான் சிரித்த சிரிப்பில் வடை புரையேறியது.

செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள். போனால், பிரதாபனின் மேசையில் பச்சைப் பேனையால் குறித்த தாள்.

"அவ்வளவு காசை அவ்வளவு நாள் வச்சிருந்தா நியாயமான வட்டி கொடுக்கணும் சார். போடவே இல்ல. நூத்திப் பத்து பவுண்டு நாப்பத்தேழு பென்ஸ்."

பிரதாபன் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு பவுணைத் தீர்க்கச் சொன்னால், நூற்றிப் பத்தைத் தேடிக்கொண்டு வாறீரே, பாமா!"

"தேடல சார். அங்கேதான் இருந்துச்சு."

"உம்மட ஆறு மாசம் எப்ப முடியுது, தெரியுந்தானே?"

"தெரியும் சார். இதே மாதிரி இன்னும் பதினொரு பேர் இருக்காங்க. நாமளே கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டா ஆடிட்டர்கிட்ட காட்டலாம். அவரா கண்டுபிடிச்சா உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த மேலிடத்துக்கு எழுதிடுவார்."

எனக்கு வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு உதவியாயிருக்கும் என்று ஒரு கணம் யோசித்தேன். நூற்றிப் பத்து என்றதும் வாய் வரவில்லை. பிரதாபன் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு அலுவலகக் காசிலிருந்து எடுக்கச் சொல்லி நீலப் பேனையைத் தேடினார். பாமாதான் எடுத்துக் கொடுத்தார்.

வளர்ந்து வந்ததால் தவநாயகி சம்மதித்தாள்; கையில் தரச் சொன்னதால் காசோலையாகவே தந்தார்கள். நூற்றிப் பதினொரு பவுண், நாற்பத்தேழு பென்ஸ். அதை இரண்டு கையாலும் வாங்கினாள். பிறகுதான் அவள் செய்த வேலை. காசோலைக்குச் சந்தனம் தொட்டுவைத்து, பிள்ளையாரின் காலடியில் வைத்துவிட்டாள். ஒரு வாரமாக அது அங்கேயே கற்பூரப் புகை குடித்துக்கொண்டிருந்தது.

பாமா இப்போது நகரத்துக்குள்ளே பெரிய நிறுவனம் ஒன்றில் கணக்குப் பகுதிக்கே பொறுப்பு. பிரதாபன் அந்த வேலையை நிரந்தரமாக்கி, அவர் போகும்போது போகவேண்டாம் என்று இரண்டு தரம் கெஞ்சியதாக ஹம்சினி சொன்னாள். தெருவில் கண்டால் பாமா சிரிப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். என்னிடம் அவர் கடைசியாக ஒன்று கேட்டது ஆடிட்டர் வர இரண்டு நாள் இருக்கும்போது. நான் ஒரு வீட்டுப் படியில் முழங்காலில் நின்று கார்பெட் வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அண்ணா, செக்கை இன்னும் பேங்க்ல போடலையா? கொடுத்துட்டேன்னு நான் எழுதியிருக்கேன். காசு இன்னும் இங்கேயே இருக்குன்னு பேங்க் சொல்லுது."

"பிள்ளையாரிட்ட இருக்குது, தங்கச்சி. தவநாயகி எடுக்க விடமாட்டாள்."

அந்தப் பக்கம் பேனையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"வீட்டுக்குப் போங்க அண்ணா. விளக்கேத்தி, சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டே எடுங்க. ஆனா அஞ்சு மணிக்குள்ள பேங்க்ல போட்டுடுங்க."