இசாலே முடிச்சு

என் வீட்டுக்காரர் வில்பார்ட் முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு கஹே சமவெளியில் எங்களுக்கென்று ஒரு வீடு கட்டினோம். அவர் பிறந்தது மேலே, மலைச்சரிவில், கிபோஷோவில். வாழையும் காப்பியும் சூழ்ந்த அந்தப் பூர்வீக நிலம் கடைசிப் பிள்ளைக்குத்தான் சேரும். மூத்தவனுக்கு அப்பா தனியாக நிலம் பார்த்துக் கொடுப்பார். நடுவில் பிறந்தவன் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். இவர் நடுப்பிள்ளை.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முன்பே மரம் நட ஆரம்பித்துவிட்டார். வாசலுக்கு இடப்பக்கம் அவகாடோ, பின்னால் வாழை, வாழை நிழலில் காப்பி. எல்லாம் கிபோஷோ வீட்டில் இருந்த அதே வரிசை. இந்த வெயிலில் காப்பி எங்கே பிழைக்கப் போகிறது என்று நான் கேட்டதற்கு, உன்னோடு நானே பிழைத்துவிட்டேன், காப்பிக்கு என்ன என்றார். மூன்றே வாரத்தில் காப்பிக் கன்றுகள் கருகின. மனுஷன் விடவில்லை, மறுபடியும் நட்டார்.

ஒவ்வொரு குழி தோண்டும்போதும் ஒரு கதை வரும். எந்தக் கதையை எடுத்தாலும் அதில் கடைசித் தம்பி எவரிஸ்ட் வந்துவிடுவான். மழையில் ஒரே வாழை இலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனது. வாய்க்காலில் தண்ணீர் பெருகிய நாளில் தம்பியை முதுகில் சுமந்து இவர் கடந்தது. பாதிக் கதையில் நிறுத்திவிட்டு மண்வெட்டியைப் பார்ப்பார். தம்பியோடு பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

சண்டையும் ஒரு மரத்தால் வந்ததுதான். இவர் பிறந்தபோது மாமியார் நட்ட அவகாடோ மரம் கிபோஷோ வீட்டு வாசலில் நின்றது. ஒரு கிறிஸ்துமஸுக்கு நாங்கள் மலையேறிப் போனால் மரம் இல்லை, அடிக்கட்டைதான் இருந்தது. கூரையில் விழும் போலிருந்தது, வெட்டிவிட்டேன் என்றான் எவரிஸ்ட். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இவருக்குப் பதிலாக நான் கேட்டேன்.

"நடுப்பிள்ளை பொண்டாட்டிக்கு இங்க என்ன நாட்டாமை, அண்ணி?" என்றான். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. இவர் மரத்துக்காகப் பேச்சை விட்டார், நான் எனக்காக விட்டேன்.

போன மார்ச்சில், மழைக்கு முன்பு, பஸ் நடத்துனர் ஒரு சாக்கு மூட்டையை எங்கள் வாசலில் இறக்கினார். கிபோஷோவிலிருந்து எவரிஸ்ட் கொடுத்தனுப்பியது, புது வீட்டு வேலிக்காம் என்றார். இவர் சந்தைக்குப் போயிருந்தார். மூட்டையைப் பிரித்தேன். உள்ளே இசாலே குச்சிகள். எங்கள் வேலிகளிலும் கல்லறைகளிலும் நிற்கிற செடி. குச்சிகளுக்கு மேலே, தனியாக, ஒரு இசாலே இலை முடிச்சுப் போட்டு இருந்தது.

முடிந்த இசாலே இலைக்கு எங்களிடம் ஒரே அர்த்தம்தான். தப்பு என்னுடையது, மன்னித்துவிடு. அதைப் பார்த்தவன் மறுக்கக் கூடாது. கொலைப் பகைகூட அதனால் தணிந்திருக்கிறது. ஆனால் தப்புச் செய்தவன் அதைக் கையில் ஏந்தி வர வேண்டும், இல்லாவிட்டால் குடும்பத்துப் பெரியவர் ஒருவரை அனுப்ப வேண்டும். பஸ்ஸில் போட்டு அனுப்புகிற சாமானா அது? எனக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தியவன், நேரில் வந்து தலை குனியட்டும் என்று நினைத்தேன். இலையை எடுத்து ஆட்டுக்குப் போட்டேன். அது மென்று தின்றுவிட்டது.

சாயங்காலம் வந்தவரிடம் எவரிஸ்ட் அனுப்பியது என்று சொல்லிக் குச்சிகளை மட்டும் காட்டினேன். இவர் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் வேலியோரம் நடும்போது ஒரு கதை சொன்னார். எவரிஸ்டுக்கு ஏழு வயதிருக்கும்போது தொழுவத்துக் கதவைச் சாத்த மறந்துவிட்டானாம். இவர் ஆசையாக வளர்த்த ஆட்டுக்குட்டி வெளியே போய்ப் பள்ளத்தில் விழுந்து செத்தது. இரண்டு நாள் இவர் தம்பியின் முகத்தில் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பொடியன் ஒரு இசாலே இலையை முடிந்து எடுத்துக்கொண்டு மூக்கு ஒழுக வந்து நின்றான். பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டது. அன்று இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்களாம்.

"குச்சி அனுப்பத் தெரியுது. ஒரு இலையை முடிஞ்சு வெச்சிருந்தான்னா இந்நேரம் நான் மலையேறியிருப்பேன், நீமா அம்மா," என்றார். மகள் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் இலை எங்கே என்பார், ஆட்டைக் காட்டவா முடியும்? கிறிஸ்துமஸுக்குள் அவனே வந்துவிடுவான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மண்ணை மிதித்து இறுக்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்டில் தொலைபேசி வந்தது. எவரிஸ்ட் இறந்துவிட்டான். சிறுநீரகம் கெட்டு, ஜனவரியிலிருந்தே கால் வீங்கிப் படுத்த படுக்கையாம். நடக்க முடியாததால்தான் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறான். நோயை யாரிடமும் சொல்ல வேண்டாம், பரிதாபத்துக்காக அண்ணன் வரக் கூடாது, மன்னித்து வரட்டும் என்று சொல்லியிருந்தானாம்.

கிபோஷோவில் வாழைகளுக்கு நடுவே, அப்பா அம்மா கல்லறைகளுக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். வாசலைக் கடக்கும்போது இவர் நின்றுவிட்டார். பழைய அடிக்கட்டைக்குப் பக்கத்தில் இரண்டாள் உயர அவகாடோ ஒன்று நின்றது. அந்த மரத்துக் கொட்டையிலிருந்தே முளைக்கவைத்தானாம். எவரிஸ்டின் மனைவி ஃபிலோமெனா எங்களைக் கண்டதும் எழுந்து வந்தாள். அவள் கத்தவில்லை.

"இசாலே அனுப்பியும் மனசு எறங்கலையா, மூத்தாரே? பஸ் சத்தம் கேட்டாப் போதும், வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. அஞ்சு மாசம்."

குச்சியைத்தான் சொல்கிறாள் என்று இவர் நினைத்தார். நட்டுவிட்டேன், எல்லாம் துளிர்த்திருக்கிறது என்று அவளுக்குச் சமாதானம் சொன்னார். அவள் இவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பாவி, அங்கேயும் வாய் திறக்கவில்லை.

கஹேவுக்குத் திரும்பிய மறுநாள் காலை அவர் வேலிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க அழுத கண். நான் ஒரு இசாலே இலையைப் பறித்து முடிந்தேன். அவசரத்தில் கிழிந்துவிட்டது. இன்னொன்றைப் பறித்து முடிந்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"எதுக்கு இது?" என்றார்.

"மூட்டையில இலை இருந்துச்சு. முடிஞ்ச இலை. நான்தான் ஆட்டுக்குப் போட்டேன்."

வாளி சரிந்து தண்ணீர் அவர் காலில் ஓடியது. வாளியை நிமிர்த்தி வைத்தார். பிறகு இலையை வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க முடியாது என்று தெரிந்துதானே நீட்டினேன்.

"உன்கிட்ட வாங்கிக்கிட்டேன்," என்றார். "அவன் இலையையும் வாங்கிக்கிட்டேன்னு அவன்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

சட்டைப் பையில் இலையை வைத்துக்கொண்டு, அடுத்த செடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.